பதினோராம் வகுப்பில் ஏழு நாள் முகாம்: மகளை அனுப்பலாமா?

திண்டிவனம் தந்தை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவில் படிக்கிறாள். இந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில், பள்ளியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தப் போகிறார்கள். இரவும் அங்கேயே, அந்த ஊர் நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தில் தங்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பிச்சாவரத்துக்கு ஒருநாள் களப்பயணமும் இருக்கிறது. இரண்டுக்கும் பெற்றோர் ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. ஐந்து நாள்களாக இரண்டு படிவங்களும் என் உரக்கடை மேசை மேல் கையெழுத்தில்லாமல் கிடக்கின்றன.

என் தயக்கத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மகள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். அதற்காகத் தனிப்பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்திருக்கிறேன். அங்கே விடுமுறை நாள்களில்தான் முழுநாள் வகுப்பு நடக்கிறது. முகாமுக்கு அனுப்பினால் அந்த ஏழு நாள்களும் போய்விடும். வயதுப் பெண்ணை வேற்றூரில் தங்க வைப்பதா என்று என் தாயார் அஞ்சுகிறார். மனைவியோ, அவள் கேட்டு வாங்கிச் சேர்ந்ததைத் தடுக்க வேண்டாம் என்கிறாள்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் பள்ளியில் ஒரே ஒருமுறை மாமல்லபுரம் அழைத்துச் சென்றார்கள். எனக்கு அதில் நினைவில் நிற்பவை கட்டுச் சோறும் பேருந்தில் பாடிய பாட்டுகளும்தான். அந்தப் பாறைச் சிற்பங்களைப் பற்றி அன்று யாரும் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே, 'ஆளுமை வளரும்', 'தன்னம்பிக்கை வரும்' என்று படிவத்தோடு வந்த சுற்றறிக்கையில் அச்சிட்டிருப்பதை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வகுப்பறையில் கிடைக்காத எது, முகாமிலும் பயணத்திலும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கிடைக்கிறது? நேரில் கண்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்னாள் திட்ட அலுவலர்:

ஐயா, வணக்கம். பதினோரு ஆண்டுகள் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இவ்வாறு கேட்பது தந்தையின் கடமை. பள்ளியும் இதை வரவேற்க வேண்டும்.

இத்திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டு, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஓர் ஏழு நாள் சிறப்பு முகாமும் இதன் அமைப்பு. ஏழு நாள் என்பது காரணமில்லாமல் வைத்த கணக்கு அன்று என்பதை நான் முகாம் நடத்தித்தான் அறிந்துகொண்டேன். முதல் இரண்டு நாள்கள் பிள்ளைகள் விருந்தினர்களைப் போல இருப்பார்கள். மூன்றாம் நாள் உடல் வலிக்கும், வீட்டு நினைவு வரும், சிறு சண்டைகள் மூளும். நான்காம் நாளுக்குப் பிறகுதான் முகாம் அவர்களுடையதாகும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு எழுவார்கள். உடற்பயிற்சி, கொடியேற்றம் முடிந்து காலைச் சிற்றுண்டி. பிறகு நண்பகல் வரை களப்பணி: குளக்கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி அகற்றுவது, பள்ளி வளாகத்தைத் துப்புரவு செய்வது, மரக்கன்றுக்குக் குழியெடுப்பது. பிற்பகலில் கருத்தரங்கு, அல்லது கண் மருத்துவ முகாம், கால்நடை மருத்துவ முகாம். மாலையில் ஊர் மக்களோடு கலை நிகழ்ச்சி. இரவு அன்றைய பணியைப் பற்றிய கலந்துரையாடல். சமையலும் பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகளின் முறைப்பணிதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு முகாமில் வீடு வீடாகச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினோம். வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு மாணவியும் அதில் இருந்தாள். படிவத்தில் 'வீட்டில் கழிப்பறை உள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒரு வீட்டில் பாட்டி, "இருக்கும்மா, வந்து பாரு" என்று கொல்லைக்கு அழைத்துச் சென்று கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். அரசுத் திட்டத்தில் கட்டிய நல்ல கட்டடம். உள்ளே கூரை வரை விறகு. ஒரு மூலையில் வறட்டி அடுக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாயில் நான்கு குடம் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும்போது, ஒரு தடவைக்கு அரை வாளி தண்ணீரை எங்கே போய்க் கொண்டுவருவது என்று பாட்டி கேட்டிருக்கிறார். மாணவி எந்தக் கட்டத்திலும் குறியிடாமல் வந்து, படிவத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில், 'உள்ளது. விறகு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அன்றிரவு கலந்துரையாடலில் அவள் இதைச் சொன்னபோது, மற்ற குழுக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. 'ஆம்' என்று குறித்தவர்களில் பலர் கதவைத் திறந்தே பார்க்கவில்லை. மறுநாள் காலை, நான் சொல்லாமலே, களப்பணிக்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுபடியும் போனார்கள். புள்ளியியல் பாடத்தில் தரவின் நம்பகத்தன்மை என்று நாங்கள் நடத்துவதை அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நிறைவு விழாவில் ஊராட்சித் தலைவர் முன்னிலையில் அந்த மாணவிதான் பட்டியலைப் படித்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுவதையும் படித்து முடித்தாள். அந்தத் தெருவுக்குக் கூடுதல் குழாய் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அது எங்கள் முகாமால் வந்தது என்று உரிமை கொண்டாட மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பார்வையில் இதுவே பெரிது. நம் ஊர்களில் ஒரே வகுப்பில் அருகருகே அமரும் பிள்ளைகள் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடித்திருக்க மாட்டார்கள். முகாமில் 25 பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை. யார் வீட்டுப் பிள்ளை சோறு வடிக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை பரிமாறுகிறது என்று பார்க்க அங்கே வழியில்லை, பசி வந்துவிடும். ஒருமுறை ஒரு மாணவன் முதல் நாள் தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் இருந்தான். காரணம் எனக்குப் புரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கருவேலம் வெட்டி முடித்துக் கைகளில் முள் கீறலோடு வந்தவன், வரிசையில் நின்று இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டு வாங்கினான். இதற்கு எந்தப் பாடநூலிலும் பாடம் வைக்க முடியாது, ஐயா.

மதிப்பெண் கூடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். பதாகையைப் பிடித்துக்கொண்டு, துடைப்பத்தோடு படம் எடுத்து முடித்துவிடும் முகாம்களும் உண்டு. அவற்றில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வெயில் மட்டுமே. உங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு முகாமின் நாட்குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். அது பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தால் நம்பி அனுப்பலாம்.

தாவரவியல் ஆசிரியை:

முகாமைப் பற்றி ஐயா எழுதிவிட்டார். பிச்சாவரப் பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கடலோரச் சதுப்பு நிலத்தில் வளரும் அந்த அலையாத்திக் காட்டுக்கு மாணவியரை நான்கு முறை அழைத்துச் சென்றிருக்கிறேன்.

முதல் முறை பெரும் பிழை செய்தேன். பேருந்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகக் கூடாது என்று எண்ணி, சிதம்பரம் கோயில், பிச்சாவரம், வீராணம் ஏரி, கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் அடைத்தேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கியபோது பாதிப் பிள்ளைகள் உறக்கத்தில் இருந்தார்கள். பேரரசன் ஒருவன் தலைநகராக்கிய ஊரை அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் சுற்றி வந்தார்கள். உங்கள் மாமல்லபுரப் பயணம் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. குறை பிள்ளைகளிடம் இல்லை. அழைத்துச் சென்றவர்களாகிய எங்களிடம்தான்.

மறு ஆண்டு பிச்சாவரம் மட்டும் போனோம். விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே போதும் என்று முடிவு செய்தேன். ஓசை இல்லாவிட்டால்தான் காட்டைக் கேட்க முடியும். ஒவ்வொரு படகுக்கும் ஒரே ஒரு வினாவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 'இந்த மரம் உப்பை என்ன செய்கிறது?' என்பது ஒரு படகின் வினா. பதினோராம் வகுப்புப் பாடத்தில் சுவாச வேர்களுக்கு எடுத்துக்காட்டாக அவிசென்னியா என்ற பெயர் வரும். மாணவியர் அதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்திருந்தார்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான விரல்களைப் போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் கண்டபோது, அந்தப் பெயர் இதற்குரியது என்று அவர்களுக்குச் சற்று நேரம் தோன்றவில்லை. வேர் என்றால் கீழ்நோக்கிப் போகும் என்றுதானே அதுவரை படித்திருக்கிறார்கள்!

ஒரு மாணவி இலையைத் திருப்பிப் பார்த்து, அடிப்புறத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருப்பதைக் கண்டு, நான் தடுப்பதற்குள் நாக்கு நுனியால் தொட்டுவிட்டாள். "உப்பு, டீச்சர்" என்றாள். அந்தப் படகின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: வேர்வழி ஏறிய உப்பை அந்த மரம் இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது. உடனே படகோட்டி அண்ணன் அதட்டினார். பக்கத்தில் நின்ற இன்னொரு மரத்தைக் காட்டி, "அது தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். எந்த மரம் எது என்று தெரியாமல் வாயில் வைக்காதே" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம் அதுதான் என்று நான் சொன்னபோது, தேவாரம் படித்த பிள்ளை ஒருத்தி அந்த மரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். சுரபுன்னையில் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு தொங்குவதையும் கண்டோம். நான் கரும்பலகையில் மூன்று முறை வரைந்தும் விளங்காதது, படகு அதன் கீழே சென்றபோது விளங்கியது.

ஆனால் அந்தப் பயணத்தின் உயர்ந்த தருணம் வேறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிய சேதமின்றித் தப்பியதைப் படகோட்டி அண்ணன் சொன்னார். அனைவரும் உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மாணவி, "அந்த ஊர்களை மரம் காப்பாற்றியதா, அல்லது அவை கடலிலிருந்து தள்ளி இருந்ததால் தப்பித்தனவா?" என்று கேட்டாள். அலையாத்திக் காடுகளைப் பற்றி அறிவியலாளர்கள் ஆய்விதழ்களில் விவாதித்த வினா இது. அவள் அந்த ஆய்விதழ்களைக் கண்டதில்லை; அந்த இடத்தில் அமர்ந்து, கடலுக்கும் காட்டுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கண்ணால் அளந்ததால் கேட்டாள். எட்டு ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். வகுப்பறையில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பதைத் தன் வழிகாட்டு நெறிகளில் முதலாவதாக வைத்தது. அந்த வரியை ஆசிரியர் பயிற்சியில் பலமுறை கேட்டிருக்கிறேன்; அதன் பொருளை அந்தப் படகில்தான் உணர்ந்தேன். திரும்பிய பிறகு 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு வேரின் படமும், விடை கிடைக்காத ஒரு வினாவும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படிக்கப் போகும் உங்கள் மகளுக்கு, விடை தெரியாத வினாவோடு ஒரு வாரம் இருந்து பழகுவது பயிற்சி வகுப்பைவிடக் குறைந்த பயன் தரும் என்று நான் நினைக்கவில்லை.

மதுராந்தகம் வாசகர்:

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை. போக முடியாதவர்களைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த தனியார் பள்ளியில் பெங்களூரு, மைசூரு என்று மூன்று நாள் சுற்றுலா அறிவித்தார்கள். அரிசி ஆலையில் வேலை செய்த என் அப்பாவின் ஒரு மாதக் கூலி அந்தக் கட்டணத்துக்குப் போதவில்லை. நான் வீட்டில் கேட்கவே இல்லை. கேட்டால் கடன் வாங்குவார் என்று தெரியும். சுற்றுலா நாள்களில் போகாதவர்களும் பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. நாற்பத்தெட்டு பேர் அமரும் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். முதல் நாள் முழுவதும் யாரும் வரவில்லை. மின்விசிறிகூடப் போடவில்லை. கரும்பலகையில் முந்தைய நாள் எழுதிய, எத்தனை மணிக்குப் பேருந்து புறப்படும் என்ற அறிவிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஏழு பாடவேளைகள் உட்கார்ந்திருந்தோம். சுற்றுலாவிலிருந்து பிள்ளைகள் என்ன பெறுகிறார்கள் என்ற கேள்விக்கு, போகாத பிள்ளைகள் என்ன பெற்றார்கள் என்பதும் விடையின் ஒரு பகுதிதான்.

இரண்டாம் நாள் எங்கள் தமிழாசிரியர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்த் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் நால்வரையும் மதுராந்தகம் ஏரிக்கரைக்கு நடத்தியே அழைத்துச் சென்றார். தினமும் பேருந்திலிருந்து பார்த்த ஏரிதான். கரை, மதகு, மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல், வரத்துக்கால் என்று ஒவ்வொன்றையும் கைநீட்டிக் காட்டினார். கலங்கல் ஏன் கரையைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று எங்களையே சொல்லச் சொன்னார். ஏரி உடையாமல் இராமரே வந்து காத்தார் என்ற கதையையும், அதனால் ஏரிகாத்த இராமர் என்று பெயர் வந்ததையும் சொல்லி, கோயிலுக்குள் அழைத்துப் போய்க் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்து ஆட்சியர் லயனல் பிளேஸ் பெயர் பொறித்த கல்வெட்டைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரர் பெயர் தாயார் சந்நிதியில் ஏன் இருக்கிறது என்று கேட்டு, விடையை எங்களிடமே விட்டுவிட்டார். அதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

நான் இப்போது வங்கியில் பணிபுரிகிறேன். ஏரிக்கும் என் வேலைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் கலங்கலைத் தேடும். அந்தப் பகல் எனக்குத் தந்தது அது. அதற்காக முந்தைய நாளின் வெற்று வகுப்பறை மறைந்துவிடவில்லை.

உங்கள் மகளின் பள்ளி அரசுப் பள்ளி. முகாமுக்குக் கட்டணச் சுமை இருக்காது. பிச்சாவரத்துக்குப் பேருந்துக் கட்டணம் இருக்கும். தலைமையாசிரியரிடம் பேசும்போது, வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஏன் வரவில்லை, அன்று அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று தயவுசெய்து கேளுங்கள். உங்கள் பகுதிக்கு வேடந்தாங்கலும் அருகில்தான். அந்த ஊர் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையைக் கும்பினி ஆட்சியரிடம் கேட்டுப் பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். உரக்கடை நடத்தும் உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் போகக்கூடிய இடமாக அது இருக்கும்.

செங்கத்துத் தாய்:

என் மகள் சென்ற ஆண்டு இதே போன்ற முகாமுக்குப் போய் வந்தாள். ஐயாவின் தாயார் அஞ்சுவதை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரி அருகே, உதகைக்குச் சுற்றுலா புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து, இரவு நேரத்தில் முன்னால் சென்ற அரசுப் பேருந்தின் மீது மோதி, ஐந்து மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்காக வந்த நான்கு மாணவிகள் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். இரண்டு செய்திகளையும் படித்த இரவுகளில் நான் உறங்கவில்லை. இரவுப் பயணம் கூடாது, பிள்ளைகள் நீரில் இறங்கக் கூடாது என்ற இரண்டையும் பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

முகாமுக்கு முந்தைய நாள் அந்த ஊருக்கே பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். தங்கும் அறை நன்றாக இருந்தது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆண்கள் கண்ணுக்கு இது படாது. திட்ட அலுவலர் ஐயா அன்று மாலையே ஆளை வைத்துப் பொருத்திவிட்டார். மாதவிடாய் நாளாக இருந்தால் அணையாடையை எங்கே போடுவது, களப்பணியிலிருந்து விலக்குக் கேட்கப் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்பதையும் பேசி வைத்தோம். இரவில் பெண் ஆசிரியர்கள் தங்குகிறார்களா, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தொலைவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்காக என்னை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மற்ற நான்கு தாய்மாரும் பிறகு என்னோடு சேர்ந்துகொண்டார்கள்.

மகள் திரும்பி வந்தபோது கைகளில் கொப்புளம். முதல் இரண்டு இரவுகள் அழுதாளாம். அதை மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாள். வந்த மறுநாள் நான் கேட்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அந்த வேலையைப் பிறந்ததிலிருந்து அவள் செய்ததில்லை, நானும் செய்யவிட்டதில்லை. ஒரு மாதத்தில் அது நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தோம். அதை அவள் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எல்லோரும் குடிக்கும் டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தாள். அது நிற்கவில்லை. என் மாமியாரோடு இது பற்றி இரண்டு முறை வாக்குவாதம் நடந்தது. எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் எடுத்துப் பேசாத செய்தி அது. நான் உட்பட.

திண்டிவனம் தந்தை:

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நேற்று மனைவியோடு பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை அம்மாவைச் சந்தித்தேன். சென்ற ஆண்டு முகாம் நாட்குறிப்பைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மஞ்சள் கறையும் இருந்தது. இரவில் மூன்று பெண் ஆசிரியர்கள் தங்குகிறார்கள். குளியலறையை என் மனைவி வரும் சனிக்கிழமை போய்ப் பார்த்து வருகிறாள். பிச்சாவரத்துக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளைகள் ஆறு பேர் இருப்பதாக அம்மா தயங்கிச் சொன்னார். நானும் கடைத்தெரு நண்பர் இருவரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டோம். யாருக்காகக் கட்டினோம் என்று எங்களுக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படகில் அனைவருக்கும் மிதவைச் சட்டை உண்டு என்பதை உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு படிவங்களிலும் கையெழுத்திட்டுவிட்டேன். பயிற்சி வகுப்பில் ஏழு நாள் விடுப்புச் சொன்னபோது அவர்கள் மகிழவில்லை. என் தாயார் இன்னும் சமாதானம் ஆகவில்லை; நிறைவு விழாவுக்கு அவரையும் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன். மகளிடம் என்னென்ன கொடுத்து அனுப்ப வேண்டும்? இடையில் ஒரு நாள் நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

முன்னாள் திட்ட அலுவலர்:

மகிழ்ச்சி, ஐயா. தாயாரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். நிறைவு விழாவில் ஊர்ப் பாட்டிமார்தான் முன்வரிசையில் இருப்பார்கள்.

ஒரு தட்டு, ஒரு டம்ளர், பாய், கனமான போர்வை, கைவிளக்கு, தொப்பி, களப்பணிக்கு முழுக்கைச் சட்டை, நடந்து பழகிய செருப்பு, தனக்கென்று ஒரு வாளி ஆகியவை போதும். கால் கடிக்கும் புதுச் செருப்பு வேண்டாம். நகை வேண்டாம். வழக்கமாக உண்ணும் மருந்து ஏதேனும் இருந்தால் ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் அனுப்ப வேண்டாம். சமைத்தவர் கையால் வருவதை அப்படியே சாப்பிடட்டும், உப்பு கூடினாலும் சரி.

நான்காம் நாளுக்கு முன் போகாதீர்கள். மூன்றாம் நாள் உங்களைக் கண்டால் உடன் வந்துவிடுவாள். போகும்போது அவளுக்கு மட்டும் தின்பண்டம் கொண்டு போகாமல், எல்லோருக்குமாக ஒரு வாழைத்தார் வாங்கிச் செல்லுங்கள். கணக்கெடுப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் பேனாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்து அனுப்புங்கள். படிவத்தின் ஓரத்தில் எழுத இடம் போதாது.